ஒரு வார்த்தை கூட மாற்றாமல்

ஜனவரி 18, சனி

இன்று முதல் எனக்கு இரண்டு எழுத்து வேலை. ஒன்று, கிளப்புக்குத் தினமும் ஜப்பானிய மொழியில் எழுதிக் கொடுக்க வேண்டிய அறிக்கை: வீரர் என்ன சாப்பிட்டார், எப்படித் தூங்கினார், எங்கே வலி என்றார். இன்னொன்று இந்த நோட்டு. அறிக்கையில் எழுத முடியாததை எங்கேயாவது கொட்ட வேண்டுமே.

கிளப்பின் பெயர் மினாசே. ஊரும் அதேதான். ஜப்பானியத் தொழில்முறைக் கால்பந்து லீக்கின் மூன்றாம் பிரிவில் இருபது அணிகள். போன வருஷம் இவர்கள் பதினெட்டாவது. கடைசி இடத்துக்கு வந்தால் லீக்கை விட்டே வெளியே. வீரன் பெயர் எபினேசர், வயது இருபத்து மூன்று, ஊர் வியாசர்பாடி. கொல்கத்தாவில் ஆடிக்கொண்டிருந்தவனை யாரோ பார்த்துப் பிடித்து வந்திருக்கிறார்கள். அவனுக்கு ஆங்கிலம் அரைகுறை, இவர்களுக்கு அதுவும் இல்லை. அதனால் நான்.

எனக்குக் கால்பந்து பற்றி ஒரு எழவும் தெரியாது. பதினொரு வருஷமாக இந்த நாட்டில் கார் உதிரிபாகத் தொழிற்சாலைகளில்தான் மொழிபெயர்த்தேன். நேர்காணலில் அதைச் சொல்லியும் எடுத்துக்கொண்டார்கள். தமயந்தி என்ற பெயர் வாயில் நுழையாமல் 'தமா-சான்' ஆக்கிவிட்டார்கள். இங்கே தமா என்றால் பந்து. விளங்கினாற்போலத்தான்.

விமான நிலையத்தில் மெல்லிய டிராக் சூட்டோடு வந்து நின்றான். வெளியே பனி. கதவு திறந்ததும் ஒரு அடி பின்னால் போனான்.

"இன்னாக்கா இது, ஃப்ரிட்ஜுக்குள்ள வுட்ட மாறி கீது?"

பிடித்துப் போயிற்று எனக்கு.

ஜனவரி 24, வெள்ளி

சீசன் தொடங்குமுன் அணி முழுவதும் கோட்டும் டையுமாக ஷிண்டோ கோயிலுக்குப் போய் வெற்றிக்கு வேண்டிக்கொள்வது வழக்கம். பூசாரி மந்திரம் சொன்னார். எல்லாரும் இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கைதட்டி, மறுபடி குனிந்தார்கள். எபி மட்டும் நட்ட கம்பமாக நின்றான்.

"நான் கும்ட மாட்டேன்கா. பாஸ்டருக்குத் தெர்ஞ்சா அவ்ளோதான்."

கோச் ஹிராகி திரும்பி என்னைப் பார்த்தார். ஐம்பது வயது, சிரித்தே பார்க்காத முகம். அவனுக்கு என்ன பிரச்சினை என்று கேட்டார். நான் சொன்னேன்: "உங்கள் முறையைத் தவறாகச் செய்து அவமதித்துவிடக் கூடாது என்று பயப்படுகிறேன்."

நான் என்றால் நான் இல்லை, எபி. இந்தத் தொழிலின் முதல் விதி அது. 'அவன் சொல்கிறான்' என்று சொல்லக் கூடாது. அவனுக்குக் கால் வலித்தால் 'எனக்குக் கால் வலிக்கிறது' என்பேன். கோச் தலையை ஆட்டினார், திருப்தி.

பதினொரு வருஷத்தில் நான் இருந்த இடத்தில் ஒரு சண்டை வந்ததில்லை. மேலாளர் "உனக்கு மூளை இருக்கிறதா" என்று கத்தினால் "கொஞ்சம் கவனமாக இருங்கள்" என்று தமிழில் போய்ச் சேரும். முனைகளை மழுக்கித் தருவதுதான் என் வேலை என்று நினைக்கிறேன். எந்தத் தேர்விலும் இதற்கு மார்க் கிடையாது.

பிப்ரவரி 16, ஞாயிறு

முதல் ஆட்டம், சொந்த மைதானம், 0-5.

அதிர்ச்சி தோற்றதில் இல்லை. தோற்ற பிறகு வீரர்கள் வரிசையாகப் போய் ரசிகர்கள் முன் தரை பார்க்கக் குனிந்தார்கள். ரசிகர்கள் கைதட்டினார்கள்! ஐந்து கோல் வாங்கி வந்தவர்களுக்கு! பிறகு பையை எடுத்துத் தங்கள் குப்பையைத் தாங்களே பொறுக்கிப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். எபி எனக்கு மேல் ஆடிப்போயிருந்தான்.

"நம்ம கிரவுண்டா இருந்தா இந்நேரம் செருப்பு பறந்திருக்கும்கா. இவங்க கைதட்றாங்கோ. இதுக்கு செருப்பே தேவல."

வீரர்கள் உடை மாற்றும் அறைக்கு நான் கதவைத் தட்டி, பத்து எண்ணி, தரையைப் பார்த்தபடி நுழைய வேண்டும். இருபத்தைந்து ஜோடிக் கால்களை நான் இப்போது நன்றாக அறிவேன். அங்கே ஹிராகி பேசியதை இங்கே எழுதக் கூசுகிறது. எபியிடம் "அடுத்த வாரம் இன்னும் முன்னால் நின்று ஆடச் சொல்கிறார்" என்றேன்.

"அவ்ளோ நேரம் பேசினாரே?"

"மரியாதையாப் பேசினா ஜப்பானிய மொழி நீளும்டா."

ஏப்ரல் 20, ஞாயிறு

ஜெயித்தோம். 1-0. எபி தலையால் முட்டிப் போட்ட கோல். இது நான்காவது, நான்கும் தலையால். இவனைப் போல எகிற இந்த லீக்கில் ஆள் இல்லை என்று உள்ளூர்ப் பத்திரிகை எழுதுகிறது.

ஆட்டம் முடிந்து ஹிராகி எல்லார் முன்னிலும் சொன்னார்: "தலைக்குள்ளே ஒன்றும் இல்லாததால்தான் இவ்வளவு நன்றாக முட்டுகிறான்." அறை சிரித்தது. கோல்கீப்பர் ஒகுமுரா மட்டும் சிரிக்கவில்லை. அவர்தான் அணித்தலைவர், முப்பத்தாறு வயது, கைகள் முறம் போல இருக்கும்.

நான் சொன்னேன்: "நீ தலையால முட்டுறது அபாரம்ங்கிறார்."

எபி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு "தேங்ஸ் சொல்லுங்க" என்றான்.

மே 22, வியாழன்

பயிற்சி முடிந்ததும் எல்லாரும் பொதுக் குளியல் தொட்டிக்குப் போய்விடுவார்கள். நான் போக முடியாத ஒரே இடம் அது. வெளியே பெஞ்சில் அமர்ந்து அறிக்கை எழுதுவேன். உள்ளே ஒகுமுராவும் எபியும் ஒரு மணி நேரம் ஊறுகிறார்கள். சிரிப்புச் சத்தம் வெளியே வரை வருகிறது. மொழியே இல்லாமல் இரண்டு ஆண்கள் அவ்வளவு நேரம் எதைச் சொல்லிச் சிரிக்க முடியும்? வெந்நீர் தெறிக்க விளையாடுகிறார்களோ என்னவோ.

ஜூன் 12, வியாழன்

மழை. எபிக்கு அரிசி, புளி, பருப்புப் பொடி வாங்கிக் கொடுத்தேன். விடுதியில் ரசம் வைத்து ஒகுமுராவுக்கும் ஊற்றினானாம்.

மதியக் கூட்டத்தில் உதவிக் கோச் ஏதோ ஜோக் அடித்தார். நான் மொழிபெயர்க்க வாயைத் திறக்குமுன் எபி சிரித்துவிட்டான். மற்றவர்கள் சிரித்ததைப் பார்த்துச் சிரித்திருக்கிறான், பாவம்.

ஜூலை 25, வெள்ளி



பயிற்சியின் நடுவே, மைதானத்தின் மத்தியில், எல்லாரும் பார்க்க ஹிராகி என்னைப் பார்த்துக் கேட்டார்: "நான் ஒரு நிமிஷம் பேசுகிறேன். நீங்கள் நான்கு வார்த்தையில் முடிக்கிறீர்கள். மிச்சம் எங்கே போகிறது?"



"இவனை வலது பக்கம் நிற்கச் சொல்லி மூன்று வாரமாகத் திட்டுகிறேன். இவன் சிரித்துக்கொண்டு நடுவில் நிற்கிறான். திட்டு போய்ச் சேரவே இல்லை என்று இப்போதுதான் புரிகிறது. பதினாறாவது இடத்தில் இருக்கிறோம், தமா-சான். இனிமேல் சொன்னதைச் சொல்லுங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். முடியாது என்றால் வேறு ஆளைப் பார்க்கிறேன்."

இந்த நாட்டில் யாரும் யாரையும் எல்லார் முன்னாலும் இப்படிப் பேசுவதில்லை. நான் குனிந்தேன். முதுகு நிமிர ஒரு யுகம் ஆயிற்று.

சரி. சொன்னதைச் சொல்கிறேன். இயந்திரம் வேண்டுமென்றால் இயந்திரம். ஒரு எழுத்து கூடாது, ஒரு எழுத்து குறையாது. அப்புறம் வந்து எவரும் என்னைக் குறை சொல்லக் கூடாது.

ஜூலை 29, செவ்வாய்

பயிற்சியில் கார்னர் பந்துக்கு எபி எகிறினான். ஒகுமுரா பந்தைக் குத்த வந்தார். குத்து எபியின் நெற்றிப் பொட்டில் விழுந்தது. விழுந்தவன் உடனே எழுந்து கையை உயர்த்திக் காட்டினான். ஒகுமுரா பதறி மன்னிப்புக் கேட்க, இவன் அவர் தோளில் தட்டிக் கொடுத்தான். பயிற்சி தொடர்ந்தது.

திரும்பும்போது என் காரில் கண்ணை மூடிக்கொண்டு வந்தான். ஒரு இடத்தில் நிறுத்தச் சொல்லி இறங்கி வாந்தி எடுத்தான்.

"அக்கா, சிக்னல் லைட்டு ரெண்டு ரெண்டா தெரியுது."

"நாளைக்கு டாக்டர் வர்றார். அவர்கிட்டச் சொல்லிடு."

"கோச்சாண்ட மட்டும் போகக் கூடாதுக்கா. உக்கார வச்சாருன்னா என் எடம் போச்சு. அப்றம் ஊருக்குத்தான்."

"டாக்டர் கோச்சு இல்லடா. பயப்படாம சொல்லு."

சரி என்றான். அறிக்கையில் 'வெயிலால் லேசான வாந்தி' என்று எழுதினேன். டாக்டர் நாளைக்கே பார்க்கப் போகிறார், நான் எதற்கு முந்திக்கொண்டு பெரிதாக்க வேண்டும்.

ஜூலை 30, புதன்

டாக்டர் செரிசாவா மென்மையான மனிதர். வாரம் ஒரு நாள்தான் கிளப்புக்கு வருவார். தலையில் அடிபட்டால் கேட்க ஒரு கேள்வித்தாள் வைத்திருக்கிறார். இருபத்திரண்டு கேள்விகள். தலைவலி, குமட்டல், பார்வை, வெளிச்சம், ஞாபகம் என்று வரிசையாக.

ஹிராகியும் அறைக்குள் வந்து கைகட்டி நின்றார்.

நான் ஒவ்வொரு கேள்வியாக, எழுத்து பிசகாமல் தமிழில் சொன்னேன். எபி இருபத்திரண்டுக்கும் "இல்ல" என்றான். பார்வை எப்படி என்று கேட்டபோது "நல்லாத் தெரியுது, ஒண்ணும் இல்ல" என்றான். நான் ஜப்பானிய மொழியில் "நன்றாகத் தெரிகிறது. ஒன்றும் இல்லை" என்றேன். டாக்டர் குறித்துக்கொண்டார். கோச் ஒரே ஒரு முறை என்னைப் பார்த்துத் தலையசைத்தார், இப்படித்தான் வேண்டும் என்பதுபோல.

முடிந்த பிறகும் எபி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். தாகமோ என்னவோ என்று தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். வாங்கிக்கொண்டான், குடிக்கவில்லை.

அவன் சொன்னான். நான் சொன்னேன். என் வேலை அவ்வளவுதான். வளர்ந்த ஆண்பிள்ளை, அவன் உடம்பு அவனுக்குத் தெரியாதா?

ஆகஸ்ட் 2, சனி

ஜெயித்தோம், 2-1. எபி ஒரு கோல். தலையால். பார்த்தாயா, ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

தோல்வி. எபி காரில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்கிறான். ஜப்பான் வெயில் ஈரமும் புழுக்கமுமாகச் சென்னையை விட மோசம். என் தங்கை பெயரை மறுபடி கேட்டான். போன வாரம்தான் சொன்னேன். ஆட்டம் நெருங்கினால் யாருக்கும் கவனம் சிதறும்.

"டாக்டரைப் பாக்கணுமாடா?" என்று கேட்டேன்.

"நீங்க இன்னா சொல்றீங்க?"

"நீதான் சொல்லணும்."

சிரித்தான். "நான்தான் சொல்ணும், இல்ல?" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

பதினெட்டாவது இடம். துணி துவைத்தேன். வரிக் கடிதம் வந்திருக்கிறது. இன்றைக்கு வேறொன்றும் எழுதுவதற்கில்லை.

செப்டம்பர் 13, சனி

எழுத வேண்டும். எழுதாவிட்டால் இது நடக்கவில்லை என்று நினைக்க ஆரம்பித்துவிடுவேன்.

பிற்பகல் இரண்டு மணி ஆட்டம். முப்பத்தோராவது நிமிஷம். கார்னர். எபியும் எதிரணித் தடுப்பாளரும் எகிறினார்கள். பெரிய மோதல் கூட இல்லை. தோளும் தலையும் உரசினாற்போல ஒரு சத்தம். அந்தத் தடுப்பாளர் எழுந்துவிட்டார். எபி எழவில்லை. கை மட்டும் புல்லில் தனியாக வெட்டி வெட்டி இழுத்தது.

ஓடினேன். மைதானத்துக்குள் நான் காலெடுத்து வைக்கக் கூடாது, யாரும் தடுக்கவில்லை. டாக்டர் செரிசாவா மண்டியிட்டு "எபி, கேட்கிறதா, பெயர் சொல்லு" என்றார். "எபி, கேக்குதாடா, பேர் சொல்லு" என்றேன். அவர் சொல்லச் சொல்ல நான் சொன்னேன். பதில் இல்லை. மொழிபெயர்க்க எதிர்ப்பக்கம் ஒன்றுமே இல்லை. ஏழாயிரம் பேர் இருந்த இடத்தில் கொடி அடிக்கும் சத்தம் கேட்டது.

ஆம்புலன்சில் நான் போனேன். மண்டையோட்டுக்குள் ரத்தக் கசிவு. புதியது மட்டும் இல்லை, சில வாரங்கள் பழையதும் இருக்கிறது என்றார் ஆஸ்பத்திரி அறுவை நிபுணர். பழையது எப்போது என்று டாக்டர் செரிசாவாவைக் கேட்டார். செரிசாவா சுவரைப் பிடித்துக்கொண்டார்.

நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

அறுவை முடிந்தது. உயிர் இருக்கிறது.

செப்டம்பர் 18, வியாழன்

எபியின் அம்மா ரூத் வந்திறங்கினார். மாநகராட்சிப் பள்ளியில் ஆயா. முதல் விமானப் பயணம். ஸ்வெட்டர் கூட இல்லாமல், கையில் பைபிளும் ஒரு பை நிறைய முறுக்கும்.

மகனைப் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது நடைபாதையில் டாக்டர் செரிசாவாவும் ஹிராகியும் ஒகுமுராவும் காத்திருந்தார்கள். மூன்று பேரும் தரையில் மண்டியிட்டு நெற்றி தரையில் படக் குனிந்தார்கள். ரூத் அம்மா பயந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னாமா இது, எதுக்கு இவங்க கால்ல வுழறாங்கோ? எந்திரிக்கச் சொல்லும்மா."

டாக்டர் எழவில்லை. "நான் கண்டுபிடித்திருக்க வேண்டும்" என்றார். ஒகுமுரா "என் கை" என்று மட்டும் சொன்னார். சொன்னதைச் சொன்னேன்.

பிறகு ரூத் அம்மா என்னைக் கேட்டார். "உங்கூடதானேம்மா எல்லாம் பேசுவான். போன்ல கூட அக்கா அக்கான்னுதான். உனக்கு ஒண்ணும் தெரியலியா?"

"டாக்டர் கேட்டார்ம்மா. ஒண்ணும் இல்லன்னான்."

இதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்துவிட்டேன், பொய் இல்லை.

செப்டம்பர் 26, வெள்ளி

கிளப் அறிக்கை வெளியிட்டது. 'வீரர் எந்த அறிகுறியையும் தெரிவிக்கவில்லை.' ஆதாரம், அன்றைய கேள்வித்தாளின் கீழே மொழிபெயர்ப்பாளராக நான் இட்ட கையெழுத்து. டாக்டர் செரிசாவா பொறுப்பேற்று விலகிவிட்டார். ஒகுமுரா இனி கையுறை போட மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

ஹிராகி என்னைக் கூப்பிட்டு, "நீங்கள் உங்கள் வேலையைச் சரியாகச் செய்தீர்கள்" என்றார். வீட்டுக்கு வந்து குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். எதற்கு என்று எழுதப் போவதில்லை.

அக்டோபர் 19, ஞாயிறு

எபி இப்போது நன்றாகப் பேசுகிறான். நடக்கிறான். வலது பக்கப் பார்வை பாதி போய்விட்டது. இனி ஆட முடியாது. அதை அவனிடம் சொன்னதும் நான்தான், டாக்டர்களின் வாயாக. கேட்டுவிட்டுக் கூரையைப் பார்த்தான்.

இன்று மதியம் ரூத் அம்மா தேவாலயம் போயிருந்தார். நர்ஸ் வந்து திரைச்சீலையைப் பிடித்தபடி ஏதோ கேட்டாள். நான் தமிழில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் எபி அவளிடம் ஜப்பானிய மொழியில் சொன்னான்: "பாதி மூடினால் போதும். வெளியே மரம் தெரியட்டும். நன்றி."

பிழை இல்லாத வாக்கியம். மினாசே வட்டார இழுவையோடு, ஒகுமுரா பேசுவது போலவே.

நர்ஸ் போய்விட்டாள். என் வாய் திறந்தபடியே இருந்திருக்க வேண்டும்.

"குளிக்கிற எடத்துல கத்துக்குனேன்கா. ஒகு அண்ணன் சொல்லிக் குடுத்தாரு. தண்ணில விரலால எழுதிக் காட்டுவாரு. ஜூன்லேர்ந்தே முக்காவாசி புரியும்."

"அப்போ கோச் பேசினதெல்லாம்…"

"தலைக்குள்ள ஒண்ணும் இல்லன்னது அப்பப் புரியல, எல்லாரும் சிரிச்சாங்களேன்னு பின்னாடி அண்ணனக் கேட்டேன். அப்புறம் சொன்னதெல்லாம் நேராவே புரிஞ்சிது. குரங்கு, முட்டாள், எல்லாம்."

"ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா உங்க வேலை போய்டும்ல." கொஞ்சம் மூச்சு வாங்கினான். "அதுவும் இல்லாம, எனக்கு நல்லாருந்துச்சுக்கா. அவரு திட்றது ஒரு காதுல கேக்கும். நீங்க மாத்திச் சொல்றது இன்னொரு காதுல கேக்கும். நான் உங்குளுத கேட்டுக்கினு ஆடுவேன்."

நான் படுக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அடுத்து என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எழுந்து ஓடிவிட வேண்டும் போல இருந்தது.

"டாக்டர் ரூம்ல கோச் வந்து நின்னுட்டாரு. என்னால வாயத் தொறந்து சொல்ல முடில. ஆனா நீங்க கீறீங்களேன்னு தைரியம். எப்பவும் மாத்திதானே சொல்வீங்க, இன்னிக்கும் எப்டியாவது மாத்திச் சொல்லிடுவாங்க அக்கான்னு நெனச்சேன். 'நன்றாகத் தெரிகிறது, ஒன்றும் இல்லை'ன்னு நீங்க சொன்னது புரிஞ்சுதுக்கா. மெர்சலாய்ட்டேன். சரி, அக்காவே ஒண்ணும் இல்லன்றாங்க, அப்ப ஒண்ணும் இல்லபோலன்னு வுட்டுட்டேன்."

அவன் குரலில் கோபம் இல்லை. இருந்திருக்கலாம்.

ஆறு மாதம் அவன் சொன்னதையும் அவர்கள் சொன்னதையும் என் இஷ்டத்துக்கு மாற்றினேன். மாற்றியே ஆக வேண்டிய ஒரே ஒரு நாளில், என்னைத் திட்டிவிட்டார்கள் என்ற வீம்பில், எழுத்து பிசகாமல் சொன்னேன். ஜூலை 25 அன்று எழுதியதைத் திருப்பிப் பார்த்தேன். எவரும் என்னைக் குறை சொல்லக் கூடாதாம்.

அக்டோபர் 20, திங்கள்

காலையிலிருந்து சாப்பிடவில்லை. அறிக்கை எழுத உட்கார்ந்து பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

நவம்பர் 9, ஞாயிறு

கடைசிக்கு முந்தின இடம். கடைசி ஆட்டம் 23ஆம் தேதி, சொந்த மைதானம். அன்று எபி ரசிகர்களிடம் விடைபெறுகிறான். விலகிப் போகும் வீரர் மைதானத்தின் நடுவே மைக் முன் நின்று பேசுவது இங்கே வழக்கம்.

"ஜப்பானீஸ்லயே பேசிடேன்டா" என்றேன்.

"வேணாம்கா. எனக்கு ஜப்பானீஸ் புரியும்னு ஊருக்கே தெரிஞ்சிரும், உங்கள யாரு மதிப்பாங்க அப்றம்? நான் தமிழ்ல பேசறேன். நீங்க சொல்லுங்க." பிறகு விரலை நீட்டி, "ஆனா ஒரு வார்த்த கூட மாத்தக் கூடாது. சத்தியமா?"

"சத்தியமா."

என்ன பேசப் போகிறான் என்று சொல்லவில்லை.

நவம்பர் 23, ஞாயிறு

1-1. ஜெயித்திருக்க வேண்டும். கடைசி இடம். மினாசே லீக்கை விட்டு வெளியே போய்விட்டது. வீரர்கள் புல்லில் விழுந்து கிடந்தார்கள். அப்போதும் கைதட்டினார்கள் ரசிகர்கள்.

கிளப்பின் தலைவர் பேசினார், ஹிராகி பேசினார், குனிந்தார்கள். பிறகு எபி கம்பளித் தொப்பியோடு மெல்ல நடந்து வந்தான். ஒரு பக்கம் நான். என் இடது கையைப் பிடித்தபடி ரூத் அம்மா. ஊசி போடப் போகும் பிள்ளையின் கையைப் போல இறுக்கமாகப் பிடித்திருந்தார். வரிசையில் ஒகுமுரா, கோட்டு போட்டுக்கொண்டு. மேலே கடைசிப் படிக்கட்டில், பார்வையாளராக டிக்கெட் எடுத்து, டாக்டர் செரிசாவா.

எபி நன்றி சொன்னான். சொன்னேன். ரசத்தைப் பற்றி, பனியைப் பற்றி, கைதட்டலைப் பற்றிச் சொன்னான். சொன்னேன். சிரித்தார்கள். பிறகு அவன் குரல் மாறியது.

"டாக்டர் மேல தப்பு இல்ல. ஒகு அண்ணன் மேலயும் இல்ல. டாக்டர் கேட்டாரு. நான்தான் ஒண்ணும் இல்லன்னு பொய் சொன்னேன்."

"டாக்டர் மேல் தவறில்லை. ஒகுமுரா அண்ணன் மேலும் இல்லை. டாக்டர் கேட்டார். நான்தான் ஒன்றும் இல்லை என்று பொய் சொன்னேன்."

"அக்கா நான் சொன்னத அப்டியே சொன்னாங்க. அவங்களுக்கு எதுவும் தெரியாது."

இதற்காகத்தான் சத்தியம் வாங்கியிருக்கிறான்.

மைக் என் முன்னால் இருந்தது. என் குரல் மைதானத்தைச் சுற்றி வந்து எனக்கே கேட்டது.

"முந்தின நாளே மொழிபெயர்ப்பாளரிடம் சொன்னேன். விளக்குகள் இரண்டிரண்டாகத் தெரிகின்றன என்று சொன்னேன். அவர் கண் முன்னால் வாந்தி எடுத்தேன். அவருக்கு எல்லாம் தெரியும். டாக்டர் கேட்டபோது அவர் பக்கத்திலேயே இருந்தார். சொல்லவில்லை."

அவன் குரலாகத்தான் சொன்னேன். நான், நான் என்றுதான் சொன்னேன். ஐந்து கோலுக்குக் கைதட்டியவர்கள், லீக்கை விட்டுப் போனதற்குக் கைதட்டியவர்கள், ஒருவர் அசையவில்லை. ஹிராகியின் முகம் வெளுத்திருந்தது. ஒகுமுரா புல்லிலேயே உட்கார்ந்துவிட்டார்.

எபி என்னை ஜூலையில் டாக்டர் அறையில் பார்த்தது போலவே பார்த்தான். பிறகு மைக்கைத் தன் பக்கம் இழுத்து, அத்தனை பேருக்கும் கேட்க, ஜப்பானிய மொழியில் சொன்னான்.

"நான் சொன்னது இது இல்லை." கொஞ்சம் நிறுத்தினான். "ஆனால் உண்மை."

ஏழாயிரம் பேரும் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்த சத்தம் கேட்டது.

ரூத் அம்மா என் கையை ஆட்டினார். "இன்னாமா ஆச்சு? எல்லாரும் ஏன் இப்டி பாக்கறாங்கோ? எம்புள்ள இன்னாமா சொல்றான்? நீ இன்னா சொன்னே?"

எபி தலையை அசைத்து வேண்டாம் என்றான்.

நான் அவர் பக்கம் திரும்பி, சொன்னது முழுவதையும் தமிழில் சொன்னேன். சிக்னல் விளக்கிலிருந்து தொடங்கி, ஒரு வார்த்தை கூட மாற்றாமல். அவர் கடைசி வரை கேட்டார். கேட்டு முடித்ததும் என் கையிலிருந்து தன் கையை எடுத்துக்கொண்டார்.